ஹீட்டருக்குக் குளிர் எடுத்துவிட்டது

வாசல் மேஜை,
செவ்வாய்க்கிழமை, பகல் பதினொரு மணி.

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் சௌக்கியம், அங்கே நீ சௌக்கியமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் மரியாதை. கேட்டுவிட்டேன், மரியாதை முடிந்தது, இனி திட்டப் போகிறேன். போனில் உன்னைத் திட்ட முடியாது என்பது உனக்கே தெரியும். அந்தப் பக்கம் நீ இரண்டு தடவை அப்பா அப்பா என்று இழுத்தால் பாதிக் கோபம் இறங்கிவிடும், மூன்றாவது தடவை இழுத்தால் நான்தான் உன்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பேன், போனை வைத்ததும் உன் அம்மா வேறு சிரிப்பாள். காகிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது, கடைசி வரி வரைக்கும் வாயை மூடிக்கொண்டு படித்தே ஆக வேண்டும். எனக்கு உன் மேல் இரண்டு கோபம். ஒன்று, என்னை ஒரு வார்த்தை கேட்காமல் என் மேனேஜருக்குப் போன் செய்து என்னை ஃப்ரீஸர் வேலையிலிருந்து எடுக்க வைத்தது. இரண்டாவது, போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசிக்கொண்டிருக்கும்போது நீ தண்ணீர் பாட்டில் மூடியைப் பல்லால் கடித்துத் திறந்தது. ஒரு பாட்டில் மூடிக்கெல்லாம் மனுஷன் கோபப்படுவானா என்று நினைக்காதே. முதல் கோபத்தைவிட அதுதான் பெரியது, உன் கையைப் பற்றித்தான் இந்தக் கடிதமே. ஆனால் வரிசையாகத்தான் வருவேன். குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தவனுக்கு எல்லாம் வரிசையில் இருக்க வேண்டும்.

முதலில் மேனேஜர் விஷயம். பத்து நாளைக்கு முன்னால் காலையில் வேலைக்குப் போய்க் கோட்டை மாட்டிக்கொண்டிருக்கிறேன், கூப்பிட்டு அனுப்பினார். அறையில் இரண்டு லாரி டிரைவர்கள் கையெழுத்துக்காக நிற்கிறார்கள். அவர்கள் முன்னாலேயே, உங்க பொண்ணு வெளியூர்லேருந்து போன் பண்ணி அரை மணி நேரம் பேசினாங்க சார், உங்களுக்குக் கை மரத்துப் போகுதாமே, ஃப்ரீஸருக்குள்ள மாட்டிக்கிட்டீங்களாமே, எங்கிட்ட ஏன் ஒரு வார்த்தை சொல்லலை என்று கேட்கிறார். எனக்கு வயது ஐம்பத்தேழு, அவருக்கு முப்பத்து நாலு. மைனஸ் பதினெட்டு டிகிரியில் இருபத்தொன்பது வருஷம் பெட்டி அடுக்கியவன் நான். வீட்டிலிருந்து யாரோ வந்து டீச்சரிடம் சொல்லிவிட்டுப் போன பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அன்றைக்கே என்னைத் தூக்கி வாசல் மேஜையில் உட்கார வைத்துவிட்டார்கள். லாரி நம்பர் எழுதுகிறேன், வந்த நேரம் எழுதுகிறேன், போன நேரம் எழுதுகிறேன். பன்னிரண்டு வாரம் இப்படி இருந்துவிட்டு, கம்பெனி டாக்டரம்மா பார்த்துச் சரி என்று சொன்னால் திரும்ப உள்ளே விடுவார்களாம். இதில் காலுக்கடியில் ஒரு மின்சார ஹீட்டர் வேறு வைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை வருஷமும் இந்த இடத்தில் யாரும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, ஹீட்டர்தான். டீ குடிக்கும் நேரத்தில் ஃப்ரீஸரிலிருந்து வருகிற ஆட்கள் என்னை ஒட்டி உட்காரச் சண்டை போடுவார்கள், அவ்வளவு சூடு இந்த உடம்பில். இப்போது ஹீட்டருக்கே ஹீட்டர் வெச்சாச்சு என்று உள்ளே வருகிற ஒவ்வொரு லாரிக்காரனும் சொல்லிச் சிரித்துவிட்டுப் போகிறான். இதெல்லாம் உன் கைங்கர்யம்.

அன்றைக்கே உன்னைக் கூப்பிட்டுக் கிழித்திருப்பேன், அம்மா தடுத்துவிட்டாள். நான்தாங்க அவகிட்ட சொன்னேன், திட்டறதுன்னா என்னைத் திட்டுங்க என்றாள். திட்டினேன். அவள் பாட்டுக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தாள், ஒரு சட்டையைக்கூட அவசரமாக மடிக்கவில்லை. அவளுக்குச் சொன்னவன் விசில். இருபது வருஷமாக என்னோடு ஃப்ரீஸரில் வேலை பார்க்கிறவன், வாயில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டை ஊதிக்கொண்டே இருப்பானே, அவனேதான். மார்க்கெட்டில் அம்மாவைப் பார்த்ததும் அழுதே விட்டானாம். யார்கிட்டயும் சொல்லாதேன்னு சொல்லிருக்கார் அக்கா, ஆனா எனக்குத் தூக்கம் வரலை என்றானாம். ஆக விசில் அம்மாவிடம், அம்மா உன்னிடம், நீ மேனேஜரிடம். என்னைச் சுற்றி மூன்று பேர் எனக்குத் தெரியாமல் என்னைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள். நடந்தது என்ன என்று யாருக்கும் முழுசாகத் தெரியாது. விசிலுக்கே பாதிதான் தெரியும். அதையும் இதில் எழுதத்தான் போகிறேன், அம்மா இதைப் படிக்கப் போவதில்லை, கவரை நானே ஒட்டிவிடுவேன்.

அதற்கு முன் எடைக் கணக்கு. நூற்று நாலு கிலோ இருந்தேன். சுகர் ஏறிவிட்டது, முட்டி தேய்கிறது, இருபது கிலோவாவது குறைத்தே ஆக வேண்டும் என்று டாக்டர் சொன்னார், அது அவர் வேலை, சொன்னார். நீதான் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினாய். எடை பார்க்கும் மெஷின் வாங்கி அனுப்பினாய், ஞாயிற்றுக்கிழமை காலையில் அதில் ஏறி நின்று கால் கட்டை விரலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்பச் சொன்னாய், தட்டில் பாதிக்குக் காய் கால்வாசிக்குச் சோறு என்று படம் வரைந்து அனுப்பினாய். நீங்க மட்டும் கஷ்டப்பட வேண்டாம்ப்பா, நானும் கூட வரேன், ரெண்டு பேரும் சேர்ந்து குறைப்போம் என்றாய். அதைக் கேட்டு அன்றைக்கு எனக்கு எவ்வளவு சந்தோஷம் என்று நினைத்தால் இன்றைக்கு என்னையே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது. பதினாலு மாதத்தில் நூற்று நாலு எண்பத்தொன்று ஆனது. பொய் சொல்ல மாட்டேன், நல்லதுதான் நடந்தது. முட்டி வலி இல்லை, மூன்று மாடி மூச்சு வாங்காமல் ஏறுகிறேன், சுகர் கட்டுக்குள் இருக்கிறது, குனிந்து என் ஷூவை நானே கட்டுகிறேன். ஆனால் குளிர். ஐயோ, அந்தக் குளிரை என்னவென்று சொல்வேன். வெயில் காலத்தில் ஸ்வெட்டர். ஃபேனை அம்மா போடுவாள், நான் நிறுத்துவேன், திரும்பப் போடுவாள், திரும்ப நிறுத்துவேன், ஒரு நாள் ரெகுலேட்டர் கையோடு வந்துவிட்டது. கல்யாணமான நாளிலிருந்து தன் ஜில்லென்ற பாதத்தை என் காலில் வைத்துச் சூடேற்றிக்கொண்டவள், இப்போது வைத்தால் இரண்டு பேருமே அலறுகிறோம். மர நாற்காலியில் உட்கார்ந்தால் எலும்பு குத்துகிறது, அதன் குளிர்ச்சி முதுகுத்தண்டு வரைக்கும் ஏறுகிறது. மத்தியானம் மாடியில் காயப்போட்ட துணிகளுக்கு நடுவே நானும் போய் நிற்கிறேன். பக்கத்து வீட்டுக்காரர் அம்மாவிடம் ரகசியமாக, சாருக்கு ஏதாவது பெரிய வியாதியா என்று கேட்டிருக்கிறார்.

உன்னிடம் சொன்னபோது நீ என்ன செய்தாய்? சிரித்தாய். அது சகஜம்தான்ப்பா, கொழுப்புங்கிறது கம்பளி, கம்பளியைக் கழட்டினா குளிரத்தானே செய்யும் என்றாய். கழற்றுவதற்கு முன்னால் சொல்வதற்கு என்ன கேடு? நான் கணக்கு எழுதுகிற வேலையிலா இருந்தேன், மைனஸ் பதினெட்டில் அல்லவா இருந்தேன்! என் மேலும் தப்பு இருக்கிறது. ஃப்ரீஸர் சுவர்ப் பலகை ஒரு அங்குலம் மெலிந்தால் எவ்வளவு குளிர் வெளியே கசியும் என்று புதிதாக வருகிற ஆட்களுக்கெல்லாம் பாடம் எடுத்தவன், என் மேலிருந்து இருபத்து மூன்று கிலோ போனதைப் பற்றி யோசிக்கவே இல்லை. போன வாரம் கம்பெனி டாக்டரம்மா தெளிவாகச் சொன்னார். கம்பளி போனது பாதிதான் சார், மீதிப் பாதி அடுப்பு. சாப்பாட்டைக் குறைச்சா உடம்பு சிக்கனத்துக்குப் போயிடும், அடுப்பைச் சின்னதா எரிய விடும். கொழுப்போட கொஞ்சம் சதையும் போயிருக்கும், சூடு பண்றதே சதைதான். நீங்க குறைச்சது நல்லது, திரும்ப ஏத்த வேண்டாம். ஆனா இனிமே குறைக்காதீங்க, இதே எடையில நிறுத்திப் பிடிங்க, அதுக்குத் தேவையான அளவு நிதானமா சாப்பாட்டைக் கூட்டுங்க, முட்டை பருப்பு சேருங்க, தினம் கொஞ்சம் எடை தூக்குங்க, மாசக் கணக்குல கொஞ்சம் கொஞ்சமா சூடு திரும்பும். பழைய ஹீட்டர் ஆக மாட்டீங்க, இப்படி நடுங்கிட்டும் இருக்க மாட்டீங்க என்றார். ரத்தமும் எடுத்துப் பார்த்தார், தைராய்டு, இரும்புச் சத்து எல்லாம் எனக்குச் சரியாக இருக்கிறது. இந்த அம்மா சொன்னதை நன்றாக நினைவில் வைத்துக்கொள், கீழே இதை உன் மேல் எறியப் போகிறேன்.

இப்போது அந்த நாள். ஃப்ரீஸர் கதவுக்கு வெளியே ஒரு பலகை உண்டு, ஆளுக்கு ஒரு டோக்கன், ஒரு பக்கம் பச்சை, ஒரு பக்கம் சிவப்பு. உள்ளே போகும்போது சிவப்பைத் திருப்பி மாட்டிவிட்டுப் போக வேண்டும், வெளியே வந்ததும் பச்சை. ஒருவனுடைய சிவப்பு இருபது நிமிஷத்துக்கு மேல் தொங்கினால் வெளியில் இருப்பவன் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும், இதுதான் விதி, அந்தத் தாளை எழுதி ஒட்டியதே நான்தான். ஆனால் பதினொன்றாம் நம்பர் டோக்கனுக்கு மட்டும் யாரும் தட்டியதில்லை. பதினொன்று என்னுடையது. நான் நாற்பது நிமிஷம் இருந்துவிட்டு வேர்க்க வேர்க்க வருவேன், அவர்தானே, ஹீட்டர்தானே என்று விட்டுவிடுவார்கள். எனக்கும் அதில் ஒரு பெருமை. எடை குறைந்த பிறகும் அந்த நாற்பதை நான் குறைக்கவில்லை. கோட்டையும் மாற்றவில்லை. அந்த நாலு எக்ஸ் சைஸ் கோட்டு இப்போது என் மேல் தொளதொளவென்று தொங்குகிறது, மணிக்கட்டு வழியாகவும் கழுத்து வழியாகவும் குளிர் தாராளமாகப் போய்வருகிறது. ஸ்டோர்க்காரரிடம் சின்னக் கோட்டு கேட்டேன், வருஷக் கடைசியில்தான் சார் தருவோம் என்றார், நானும் சரி என்று இடுப்பில் ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டேன். இன்னொரு தடவை கேட்டிருக்கலாம். சின்னக் கோட்டு வேண்டும் என்று எல்லோர் முன்னாலும் கெஞ்ச எனக்கு வாய் வரவில்லை.

அன்றைக்கு மீன் பெட்டிகளுக்கு லேபிள் ஒட்டிக்கொண்டிருந்தேன். லேபிளை உரிக்கக் கிளவுஸைக் கழற்றினேன், எப்போதும் செய்வதுதான், இரண்டு நிமிஷ வேலை. முடித்துவிட்டுப் பார்க்கிறேன், விரல் கிளவுஸுக்குள் போகவில்லை. என் விரல்தான், கண்ணால் பார்க்கிறேன், சொன்னதைக் கேட்கவில்லை. சரி என்று கதவுக்கு வந்தேன். உள்ளிருந்து திறக்க ஒரு குமிழ் இருக்கிறது, அழுத்தித் திருக வேண்டும். அழுத்தினேன், திருக முடியவில்லை. தோளால் அழுத்தினேன், காலால் உதைத்தேன், கம்ப்ரஸர் சத்தத்தில் வெளியே எதுவும் கேட்காது என்று எனக்கே தெரியும். கால்சட்டை வேறு நழுவிக்கொண்டு வந்தது, அதைப் பிடிக்கவும் கை இல்லை. குமிழுக்குப் பக்கத்திலேயே சிவப்பு அலாரம் பொத்தான் இருக்கிறது. விரல் வேண்டாம், முழங்கையால் ஒரு குத்துக் குத்தினால் போதும், மொத்தக் கிடங்கும் ஓடி வந்திருக்கும். நான் குத்தவில்லை. இதைத்தான் விசிலுக்குக்கூடச் சொல்லவில்லை. எட்டு நிமிஷம் அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நின்றேன். ஹீட்டர் அலாரம் அடித்தான் என்ற பேச்சு வரக் கூடாது என்று நின்றேன். ஐம்பத்தேழு வயதில் இந்தப் புத்தி. கடைசியில் விசில்தான் கதவைத் திறந்தான், அதுவும் என்னைத் தேடி இல்லை, அவனுக்கு எழுதப் பேனா வேண்டியிருந்தது. பதினொன்றாம் நம்பர் டோக்கன் முப்பத்தெட்டு நிமிஷமாகச் சிவப்பில் தொங்குகிறது, அவன் அதற்கு நேர் எதிரே உட்கார்ந்து பாட்டு ஊதிக்கொண்டிருந்திருக்கிறான். அதற்குத்தான் அவன் அழுதது. அவன் மேல் தப்பே இல்லை, அவனை அப்படிப் பழக்கியது நான்.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். தண்ணீர் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறக்க முடியவில்லை. விசில் பார்க்காத நேரத்தில் பல்லால் கடித்துத் திருகித் திறந்தேன். அவன் திரும்பிப் பார்த்து என்ன அண்ணே என்றான். கையில ஐஸ் ஒட்டியிருக்குடா, வழுக்குது என்றேன்.

புரிகிறதா? ஞாயிற்றுக்கிழமை நீ செய்ததும் அதேதான், நீ சொன்னதும் அதேதான். கையில க்ரீம் போட்டிருக்கேன்ப்பா, வழுக்குது என்று சிரித்தாய். எனக்குச் சுரீர் என்றது. அம்மா ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள், நீ பதில் சொல்லிக்கொண்டிருந்தாய், என் காதில் எதுவும் விழவில்லை, உன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஸ்வெட்டர் கையை விரல் நுனி வரைக்கும் இழுத்து, அதற்குள்ளிருந்து போனைப் பிடித்திருந்தாய். மடியில் வெந்நீர்ப் பை. உன் பின்னால் ஜன்னலில் வெயில் அடிக்கிறது, தெருவில் போகிறவர்கள் அரைக்கைச் சட்டையில் போகிறார்கள். அம்மாவிடம் பிறகு குடைந்து குடைந்து கேட்டேன், ஒவ்வொன்றாக வந்தது. ராத்திரி இரண்டு ஜோடி சாக்ஸ் போட்டுப் படுக்கிறாயாம். மூன்று மாதமாக மாதவிலக்கு வரவில்லையாம், அப்பாகிட்ட சொல்லாதேம்மா என்றாயாம். தலை வாரினால் சீப்பு நிறைய முடி வருகிறதாம். கடையில் இரண்டு தடவை லென்ஸைக் கீழே போட்டு உடைத்தாயாம், அதையும் சிரித்துக்கொண்டே சொன்னாயாம். நீ செய்வது என்ன வேலை? கண்ணுக்கே தெரியாத ஸ்க்ரூவை விரல் நுனியில் எடுத்து மூக்குக்கண்ணாடிக்கு முடுக்குகிற வேலை. என் மகளுக்கு விரல்தான் சோறு போடுகிறது, அந்த விரலில் உணர்ச்சி இல்லை, அதைக் க்ரீம் என்று என்னிடமே சொல்கிறாள். என் கை மரத்துப் போனதென்று மேனேஜருக்குப் போன் போடத் தெரிந்தவளுக்குத் தன் கை தெரியவில்லையா?

அறுபத்தொரு கிலோ இருந்தாய். உன் உயரத்துக்கு அது சரியான எடை, எந்த டாக்டரும் உன்னைக் குறைக்கச் சொல்லவில்லை. எனக்குத் துணைக்கு வந்தாய். துணைக்கு வந்தவள் நான் நின்ற இடத்தில் நிற்க வேண்டாமா? எண்பத்தொன்று போதும், இனிமே நிறுத்திப் பிடிக்கணும்ப்பா, மெதுவா சாப்பாட்டைக் கூட்டுங்க என்று அந்த டாக்டரம்மாவுக்கு முன்னாலேயே எனக்குச் சொன்னவள் நீதான். எனக்குச் சொன்னதை உனக்குச் சொல்லிக்கொள்ள என்ன வந்தது? ஐம்பத்தைந்து, ஐம்பத்திரண்டு, ஐம்பது, இப்போது நாற்பத்தாறு. கூட்டினா திரும்ப ஏறிடுமோன்னு பயமா இருக்கும்மா என்று அம்மாவிடம் சொல்லியிருக்கிறாய். எனக்கு எண்பத்தொன்றைப் பிடித்துவைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டு நீ பயத்தைப் பிடித்துவைத்துக்கொண்டிருக்கிறாய். என்னிடம் இருந்தது கழற்ற வேண்டிய கம்பளி. நீ கழற்றியது கம்பளியை இல்லை, அடுப்பையே பிடுங்கி வெளியே வைத்துவிட்டாய்.

என் மேல் வருகிற கோபத்தையும் எழுதிவிடுகிறேன், அதுதான் நியாயம். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் உன் மெஷின் படம் வரும், நம்பர் குறையக் குறைய நான் என்ன எழுதினேன்? சபாஷ், அப்பனை ஜெயிச்சுட்டே என்று எழுதினேன். ஐம்பதுக்குக் கீழே போன வாரமும் சபாஷ்தான். பழைய மெசேஜ் எல்லாவற்றையும் நேற்று எடுத்துப் பார்த்தேன், முப்பத்தொரு சபாஷ் இருக்கிறது. விசில் என் சிவப்பைப் பார்த்துக்கொண்டு பாட்டு ஊதினான், நான் உன் சிவப்பைப் பார்த்துக்கொண்டு சபாஷ் போட்டேன். ஹீட்டர் மகள்தானே, தாங்குவாள் என்று இருந்துவிட்டேன். நீ ஏன் அலாரத்தைக் குத்தவில்லை என்று உன் அம்மாவுக்குப் புரியாது, உன் தோழிகளுக்குப் புரியாது. எனக்குப் புரியும். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தவள், இத்தனை பேருக்கு முன்னால் சாதித்துக் காட்டியவள், இப்போது போய் எனக்கு முடியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே நிற்கிறாய். அந்த எட்டு நிமிஷம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும் கண்ணு. அதனால்தான் இவ்வளவு கோபம்.

ஆகவே சொல்கிறேன், கேள். இந்த வாரமே டாக்டரிடம் போ. பொதுவாகச் சோர்வாக இருக்கிறது என்று மழுப்பாதே, பதினைந்து கிலோ குறைந்திருக்கிறது, குளிர் தாங்கவில்லை, விரல் மரக்கிறது, மூன்று மாதமாக வரவில்லை, சாப்பாட்டைக் கூட்டப் பயமாக இருக்கிறது என்று ஒன்றுவிடாமல் சொல், வெட்கப்படாதே. ரத்தம் எடுக்கச் சொல், என்ன எவ்வளவு சாப்பிட வேண்டும் என்று அவர்கள் எழுதிக் கொடுப்பதைச் சாப்பிடு, உன் போனில் இருக்கிற அந்தக் கலோரி கணக்குப் பிள்ளையை அன்றைக்கே வீட்டை விட்டு அனுப்பு. வீட்டில் கனமான துணிகளை ஒன்றுக்கு மூன்றாகத் தொளதொளவென்று போடுவதை விட இறுக்கமாக இரண்டு மெல்லியதைப் போடு, குளிர் நுழைகிற இடம் மணிக்கட்டும் கழுத்தும்தான், இது என் இருபத்தொன்பது வருஷப் படிப்பு. எடை மெஷினைக் கட்டிலுக்கடியில் தள்ளு, எனக்கு நம்பர் படம் வேண்டாம், இனி அனுப்பினாலும் பார்க்க மாட்டேன். அம்மா நீ அனுப்பிய மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டுதான் இருக்கிறாள், இடது காதுப் பக்கம் அழுத்துகிறதாம், அதைச் சரி செய்ய நீதான் வர வேண்டும் என்று இங்கே கடைக்குப் போக மாட்டேன் என்கிறாள். நான் புதுக் கோட்டு கேட்டு எழுதிக் கொடுத்தேன், மேனேஜரே ஸ்டோருக்குப் போய் வாங்கி வந்தார். ஒரு எக்ஸ்தான். மாட்டிப் பார்த்தேன், உடம்போடு ஒட்டி நிற்கிறது. அந்த மனுஷனை நான் ரொம்பத்தான் திட்டிவிட்டேன்.

இந்தக் கவரில் இன்னொன்றும் இருக்கும், கீழே விழுந்துவிடாமல் பார்த்து எடு. பதினொன்றாம் நம்பர் டோக்கன். வாசல் மேஜைக்கு வந்த அன்றைக்கே மேனேஜர் இதைத் திருப்பிக் கேட்டார், பன்னிரண்டு வாரம் கழித்து நானே மாட்டிக்கொள்வேன், தர மாட்டேன் என்று சண்டை போட்டுச் சட்டைப் பையில் வைத்திருந்தேன். டோக்கன் இல்லாத ஆளை ஃப்ரீஸருக்குள் விடக் கூடாது, அதையும் எழுதி ஒட்டியவன் நான்தான். புதிதாக ஒன்று போட்டுக் கொடுங்கள் என்று நான் யாரிடமும் கேட்க மாட்டேன். டாக்டரம்மா என்னைச் சரி என்று சொன்னாலும், உன் விரல் ஸ்க்ரூவை எடுக்கிற நாளில் நீ இதைத் திருப்பி அனுப்பினால்தான் நான் உள்ளே போவேன். அதுவரைக்கும் லாரி நம்பர் எழுதுகிறேன், ஓய்வுக்கு மூன்று வருஷம் இருக்கிறது, மூன்று வருஷமும் எழுத வேண்டும் என்றாலும் எழுதுகிறேன், அந்த லாரிக்காரர்கள் சிரித்துவிட்டுப் போகட்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் டோக்கனைக் காட்டு. அந்த வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டிருந்தால் பச்சையைக் காட்டு. முடியவில்லை என்றால் சிவப்பைக் காட்டு, சத்தியமாகத் திட்ட மாட்டேன், சிவப்புப் பக்கம் இருப்பதே காட்டுவதற்குத்தான். பொய்ப் பச்சை காட்டினால்தான் திட்டுவேன், எனக்கு உன் கையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிவப்பு தெரிந்தால் இருபது நிமிஷம், அவ்வளவுதான். அதற்கு மேல் பாட்டு ஊதிக்கொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன், டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்து உன் கதவைத் தட்டுவேன்.

நீண்ட ஆயுசோடு, நல்ல பசியோடு, கை கால் சூடாக இருக்க வேண்டும் என்று நானும் அம்மாவும் உன்னை மனதார ஆசீர்வதிக்கிறோம். ஒன்றை மறக்காதே. இனிமேல் பாட்டிலைப் பல்லால் திறக்காதே. மூடி வரவில்லை என்றால் பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு, என்னால் முடியவில்லை, திறந்து கொடுங்கள் என்று கேள். நானும் இப்போது விசிலைத்தான் கூப்பிடுகிறேன்.

கோபம் இன்னும் தீராத
உன் அப்பா